ஐந்தாம் படிவத்தோடு நின்றுபோகும் பேண்டு இசை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேசிய தின அணிவகுப்புப் படங்கள் நாளிதழ்களில் வரும்போதெல்லாம், பள்ளி பேண்டு குழுக்களின் வரிசையில் நம் பிள்ளைகளின் முகங்களைத் தேடிப் பார்ப்பது என் வழக்கம். கண்டதும் மனம் நிறைகிறது. ஆனால், ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு இவர்கள் எங்கே வாசிக்கிறார்கள் என்று விசாரித்தால், பெரும்பாலோர் எங்கும் வாசிப்பதில்லை என்ற பதிலே கிடைக்கிறது. அதைப் பற்றியே இக்கடிதம்.

பினாங்கு இடைநிலைப்பள்ளி ஒன்றில் முதலாம் படிவத்தில் யூஃபோனியம் என்ற பித்தளை ஊதுகருவியைக் கையில் வாங்கிய நான், பணி ஓய்வு பெற்றுவிட்ட இன்றும் அதை விடவில்லை. நீட்டி வைத்தால் ஏறத்தாழ 9 அடி நீளம் வரும் குழாய் அது. நடு வால்வு அரைச் சுரமும், முதல் வால்வு ஒரு சுரமும், மூன்றாவது வால்வு ஒன்றரைச் சுரமும் இறக்கும். இம்மூன்றின் சேர்க்கையிலும் உதட்டின் இறுக்கத்திலும் எல்லாச் சுரங்களும் பிறந்துவிடுகின்றன. இதைக் கற்றுக்கொள்ளச் சில மாதங்கள் போதும். நடந்துகொண்டே வாசிக்கப் பழகத்தான் ஆண்டுகள் ஆகும்.

குதிகால் முதலில் தரையைத் தொட்டு, பாதம் மெல்ல உருண்டு, விரல் நுனியில் எழ வேண்டும். பாதத்தை அறைந்து வைத்தால் அந்த அதிர்ச்சி கருவியின் வாய்முனை வழியாக உதட்டில் இடித்து, நீண்ட சுரத்தைத் துண்டுதுண்டாக்கிவிடும். முனை திரும்பும்போது உட்புறத்தில் இருப்பவர் நின்ற இடத்திலேயே கால் மாற்ற, வெளிப்புறத்தில் இருப்பவர் எட்டி நடக்க, வரிசை கோணாமல் சுழல வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது காதை அடக்குவது. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும் என்பதால், 34 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் ஒரு குழுவில் முன்வரிசையின் ஓசை கடைசி வரிசையை அடையும்போது பத்தில் ஒரு வினாடி கழிந்திருக்கும். நிமிடத்துக்கு 120 அடி என்ற வழக்கமான நடையில் அது ஓர் அடியில் ஐந்தில் ஒரு பங்கு. காதில் விழுவதைப் பின்பற்றி வாசித்தால் தாளம் சிதறிவிடும். ஆகவே கடைசி வரிசையில் இருப்பவர், குழுவை முன்னின்று நடத்தும் டிரம் மேஜரின் கோலிலேயே கண்ணை வைத்திருக்க வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளை இத்தனையையும் ஒரே நேரத்தில் செய்வதைத் திடலோரம் நின்று ஒரு முறையாவது பெற்றோர் பார்க்க வேண்டும். பார்த்தவர்கள், 'எஸ்.பி.எம். தேர்வு வருகிறது, பேண்டை விட்டுவிடு' என்று அவ்வளவு எளிதாகச் சொல்லமாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

'வெள்ளைக்காரன் வாத்தியம் நமக்கு எதற்கு' என்று கேட்கும் பெரியவர்களும் நம்மிடையே உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) சென்னைக் கோட்டையில் பேண்டு இசையைக் கேட்டு, அம்மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் அமைத்தார். சங்கராபரணத்தில் அமைந்த அந்த நோட்டுஸ்வரங்களுள் ஒன்று பிரிட்டனின் நாட்டுப்பண் மெட்டிலேயே உள்ளது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் மேற்கத்திய பாணி பேண்டு ஒன்றை அரண்மனையில் வைத்திருந்தார். சதிர் ஆட்டத்துக்கு வாசிக்கும் சின்னமேளத்தின் வழியாக நம்மிடம் வந்த கிளாரினெட், ஏ.கே.சி. நடராஜன் அவர்களின் கையில் கச்சேரி மேடையில் ராக ஆலாபனையே செய்தது. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக நம்மோடு பழகிய ஓசையை அந்நியம் என்று தள்ளுவது நியாயமாகத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்லும் சாலையில், வெயிலில் மணிக்கணக்காக நடந்தபடியே, காவடியின் வேகத்துக்கு ஏற்பத் தாளத்தை ஏற்றியும் இறக்கியும் உறுமி அடிக்கும் இளைஞர்களைக் கவனித்திருக்கிறேன். பேண்டு பயிற்றுநர் ஆண்டுக்கணக்கில் கற்பிக்கும் பாதிப் பாடம் அவர்களின் காலிலும் கையிலும் ஏற்கெனவே இருக்கிறது. இவர்களில் எத்தனை பேரைப் பள்ளிக் குழுக்கள் தேடிப் போய்ச் சேர்த்துக்கொண்டன?

பள்ளியோடு இசை நின்றுபோவதற்கு முதற்காரணம் ஆர்வக் குறைவு அன்று. கருவி பள்ளிக்குச் சொந்தம் என்பதே. ஐந்தாம் படிவத்தின் கடைசி நாளில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வெளியேறும் பிள்ளைக்கு, பல ஆயிரம் ரிங்கிட் விலையுள்ள புதிய யூஃபோனியத்தை யார் வாங்கித் தருவார்கள்? மறுபுறம், வாசிக்க ஆளில்லாமல் பொருள் அறைகளில் கிடக்கும் கருவிகளும் உள்ளன. அப்படி ஒன்றை அண்மையில் பழுதுபார்த்தேன். மூன்று வால்வுகளும் இறுகி, குழாய் மூட்டுகளில் பச்சைக் களிம்பு ஏறி, தண்ணீர் வடியும் திறப்பின் தக்கை உதிர்ந்திருந்தது. இரவு முழுவதும் எண்ணெய் ஊற விட்டு, வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் கழுவி, தக்கையை மாற்றியதும் முதல் மூச்சிலேயே தெளிவாகப் பேசியது. அதற்கு ஆன செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் குறைவு.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மணிலாவிலிருந்து வந்த பிலிப்பினோ இசைஞர்களைக் கொண்டு சிலாங்கூர் மாநில பேண்டு அமைந்தது. அவர்களின் வழிவந்தோர் பிற்காலத்தில் வானொலி இசைக்குழு வரை இந்நாட்டு இசையில் இடம்பெற்றார்கள் என்றால், வீட்டில் பெரியவர்கள் வாசிப்பதைப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்ததே காரணமாக இருக்க வேண்டும். நமக்கும் வேண்டியது வாசிக்கும் பெரியவர்களே.

ஆகவே பினாங்கில் உள்ள தமிழர் சங்கங்களுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும் முன்னாள் மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பயன்படாத கருவிகளைப் பள்ளிகளின் அனுமதியோடு இரவல் பெற்றுப் பழுதுபார்த்து, வாரம் ஒரு மாலை மண்டபம் ஒன்றைத் திறந்துவிட்டால், பள்ளி முடித்தவர்களுக்கான குழு ஒன்றை அமைத்துவிடலாம். சீருடையும் போட்டிகளும் பிறகு வரட்டும். எல்லா இனத்தவரும் சேரலாம் என்பது என் கருத்து. பேண்டு வரிசையில் நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம். ஓராண்டுப் பயிற்சிக்குப் பின், பாடாங் கோத்தா கடற்கரைத் திடலில் ஒரு ஞாயிறு மாலை மக்கள் முன் வாசிக்கலாம்.

மண்டபம் கிடைத்தால் வால்வு பழுதுபார்க்கவும் புதியவர்களுக்குக் கற்பிக்கவும் கட்டணமின்றி வருவதற்கு நானும் என் பழைய குழு நண்பர்கள் சிலரும் தயாராக இருக்கிறோம். விருப்பமுள்ள சங்கங்கள் இப்பகுதிக்கே பதில் எழுதினால் தொடர்புகொள்வோம்.

இப்படிக்கு,
முன்னாள் பேண்டு மாணவர்,
ஜெலுத்தோங், பினாங்கு