1 கிலோ 100 கிராம்: என் மகன் மீதான கஞ்சா வழக்கை வேறு அதிகாரி விசாரிக்கக் கோரும் மனு

பெறுநர்: உயர்திரு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்கள், தமிழ்நாடு, சென்னை.

அனுப்புநர்: நியாய விலைக் கடையில் கட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர் (பெயர், முகவரி, வழக்கு எண், காவல் நிலையம் தனித்தாளில்).

ஐயா,

வணக்கம். என் மகன் உணவு டெலிவரி வேலை பார்க்கிறான். சென்ற மாதம் 9ஆம் தேதி முதல் கிளைச் சிறையில் இருக்கிறான். அன்று இரவு 9.30 மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் அவனைப் பிடித்ததாகவும், டெலிவரி பையில் 1 கிலோ 100 கிராம் கஞ்சா இருந்ததாகவும் மகஜரில் (சாட்சிகள் முன்னால் கைப்பற்றியதாக எழுதும் பத்திரத்தில்) எழுதியிருக்கிறார்கள். அந்த 9.30 மணிக்கு என் மகன் பஸ் ஸ்டாண்டில் இல்லை. சாயங்காலம் முதலே ஸ்டேஷனுக்குள்தான் இருந்தான். 8 மணிக்கு அங்கே போய்க் கண்ணால் பார்த்தவன் நான்.

நடந்தது இதுதான். 5.05 மணிக்கு ஒரு கடையில் இரண்டு பிரியாணி எடுத்திருக்கிறான். வழியில் இருவர் வண்டியை மறித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். பார்சல் போய்ச் சேரவில்லை, வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்துவிட்டார். இது எல்லாம் கம்பெனி ஆப்பில் நிமிடக் கணக்கோடு பதிவாகியிருக்கும். அவனோடு வேலை பார்க்கிற பையன் வந்து சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது.

நான் போனபோது மணி 8. வண்டி ஸ்டேஷன் வேப்ப மரத்தடியில் நின்றது. என் மனைவி போனில் அழுதுகொண்டே "வண்டி அங்கதான் நிக்குதா?" என்று கேட்டாள். ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். அதில் நேரம் 8.07. பின்னால் ஸ்டேஷன் பெயர்ப் பலகை பாதி தெரிகிறது. டெலிவரி பையின் அடியில் சால்னா கசிந்து ஒழுகியிருந்தது, ஒரு நாய் முகர்ந்துகொண்டு நின்றது. ஏட்டு ஒருவர் வந்து, "பெரியவரே, இதை எடுத்துட்டுப் போங்க, நாய் இழுத்துப் போடுது. விசாரிச்சுட்டு அனுப்பிடுவோம்" என்றார். நான்தான் ஜிப்பைத் திறந்து பார்சலை வெளியே எடுத்தேன். சால்னா ஆகியிருந்ததால் பைக்குள் துண்டால் துடைத்தும் விட்டேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து, வேறொரு இடத்தில், அதே பையில் கஞ்சா கிடைத்ததாக எழுதியிருக்கிறார்கள்.

26 வருடம் எடை போட்டவன் நான். அந்த 1 கிலோ 100 கிராமைப் படித்தபோது, இது தராசைப் பார்த்து எழுதியதா, சட்டத்தைப் பார்த்து எழுதியதா என்றுதான் முதலில் தோன்றியது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா ஒரு கிலோ வரை சிறு அளவு, தண்டனை அதிகபட்சம் ஓராண்டு. ஒரு கிலோவைத் தாண்டினால் பத்தாண்டு வரை போகலாம். சரி, எடையே உண்மை என்று வைத்துக்கொள்வோம். உறையோடு சேர்த்தா, உறை நீங்கலாகவா? மகஜரில் அது இல்லை. சாக்கு எடையைக் கழிக்காமல் கணக்கு எழுதினால் எங்களுக்கே மெமோ வரும். இங்கே ஒரு பையனின் பத்து வருடம் அதில் தொங்குகிறது.

உடம்பைச் சோதிப்பதானால் மாஜிஸ்ட்ரேட் அல்லது உயரதிகாரி முன்னால் சோதிக்கக் கேட்கும் உரிமையைத் தருவது போதைப்பொருள் சட்டத்தின் 50ஆவது பிரிவு. பையைத்தான் சோதித்தோம், உடம்பை அல்ல, அதனால் அது வராது என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவு, சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. எங்கள் வக்கீல் கேட்டும் அந்த வீடியோ கிடைக்கவில்லை. கைதான 48 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு முழு அறிக்கை போக வேண்டும் என்பது போதைப்பொருள் சட்டத்தின் 57ஆவது பிரிவு. அது போயிருந்தால் தங்கள் துறையிலேயே இருக்கும், நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் அந்த ஸ்டேஷனுக்கு டீ கொண்டுபோகிறவர்.

என் மகன் உத்தமன் என்று சொல்ல வரவில்லை. ஹெல்மெட் இல்லாமல் இரண்டு முறை அபராதம் கட்டியவன், வாயும் கொஞ்சம் அதிகம். கைதாவதற்குப் பத்து நாள் முன்பு வண்டியை மறித்துப் பணம் கேட்ட ஒரு காவலரிடம் ரசீது கேட்டிருக்கிறான். "உன்னைப் பாத்துக்கிறேன்" என்றாராம். அதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. கேட்டதாக அவன் அன்றே வீட்டில் சொன்னான், அவ்வளவுதான்.

கஞ்சாவைப் பிடிக்க வேண்டாம் என்பவனும் நான் இல்லை. 2021 டிசம்பரில் தமிழ்நாடு போலீஸ் 'கஞ்சா வேட்டை' என்ற தேடுதலை ஆரம்பித்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். எங்கள் தெருவில் யார் பொட்டலம் விற்கிறார் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நானே இருமுறை போனில் சொல்லியிருக்கிறேன், அவர் இன்றும் அங்கேயே இருக்கிறார். கணக்குக் காட்ட ஒரு கேஸ் வேண்டும் என்றால் கைக்கு எட்டுகிறவன் மாட்டுகிறான். பிடித்த சரக்கின் கணக்கு என்ன லட்சணம் என்பதையும் பார்த்தோம். கைப்பற்றிய ஏறக்குறைய 22 கிலோ கஞ்சாவை எலி தின்றுவிட்டது என்று போலீஸ் தரப்பு சொன்ன வழக்கில், 2023இல் சென்னை சிறப்பு நீதிமன்றம் இருவரை விடுதலை செய்தது. பேப்பரில் படித்துச் சிரித்தேன். இப்போது சிரிக்க முடியவில்லை.

ஐயா, இந்த வழக்கை அந்த ஸ்டேஷனிடமிருந்து எடுத்து சிபிசிஐடியிடமோ வேறு மாவட்ட அதிகாரியிடமோ ஒப்படைக்க வேண்டுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ஸ்டேஷனின் கேமரா பதிவைக் காப்பாற்றித் தாருங்கள். பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நான் கேட்டபோது ரைட்டர், கேமரா ரிப்பேர் என்றார். ரிப்பேர் என்றால் எந்தத் தேதியிலிருந்து, யாருக்குப் புகார் எழுதினார்கள் என்றாவது பார்க்கச் சொல்லுங்கள். என் மகனின் செல்போன் டவர் விவரத்தையும் ஆப் பதிவையும் கேட்டு வாங்க வேண்டும். ஜாமீனில் வந்தால் குண்டாஸ் போடுவோம் என்று என் மருமகளிடம் சொல்லியிருக்கிறார்கள். 1982ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். அப்படி ஒரு பரிந்துரை வந்தால் இந்த மனுவையும் சேர்த்துப் பார்க்க வேண்டுகிறேன். பொய் வழக்கு என்று தெரியவந்தால், வேண்டுமென்றே கைது செய்தவர்கள் மீது அதே போதைப்பொருள் சட்டத்தின் 58ஆவது பிரிவில் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

போட்டோவின் நகலை இணைத்திருக்கிறேன். பிரியாணி பில்லின் அசல், சால்னா கறையோடு என்னிடம் இருக்கிறது. அதைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. தங்கள் அதிகாரி யார் வந்தாலும், ரசீது வாங்கிக்கொண்டு அதையும் என் போனையும் நேரில் ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)