பேத்திக்கு ஒரு யானை

கும்பகோணம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். நீல நிறம் இவ்வளவு பளிச்சென்று தெரிகிறதே என்று அவர் வியந்துபோனதாக எழுதியிருந்தாய். புரை படிந்த கண்ணுக்கு எல்லாமே மஞ்சளும் பழுப்புமாக மங்கித் தெரியும். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கும் 1923இல் இதே அறுவை நடந்தது. அதன் பிறகு எல்லாம் நீலமாகவே தெரிகிறது என்று அவர் முறையிட்டாராம். அண்ணனிடம் சொல், சிரிப்பார்.

இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் நடமாட்டத்துக்குக் குறையில்லை. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றதும் ஓவியத்தை விட்டுவிடுவேன் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். இப்போது சனிக்கிழமை மாலைகளில் நம் திண்ணையில் நாலைந்து பேர் வந்து உட்காருகிறார்கள். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், எல்லோரும் முதல் நாள் சொன்னது ஒரே வாக்கியம்: "எனக்கு வரைய வராது." உன் கடிதத்திலும் அதே வாக்கியம். பேத்தி யானை வரைந்து தரச் சொன்னாள், பாட்டிக்கு வராது கண்ணே என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து மனம் கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் நீளப்போகிறது.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று உனக்கும் தெரியும். உயிரியல் ரெக்கார்டு நோட்டில் செம்பருத்தியின் நீள்வெட்டுத் தோற்றம் வரைந்தோமே. ரப்பரால் அழித்து அழித்துத் தாள் மெலிந்து, கடைசியில் அதன்மேல் சிவப்பு மையில் ஒரு குறுக்குக்கோடு விழும். "மறுபடி வரை" என்று ஒரு வரி. வகுப்பில் பாதிப் பேருக்கு அன்றோடு பென்சிலோடு இருந்த உறவு முடிந்துபோனது. ஒரு செடியைக் கையில் கொடுத்து, உட்கார்ந்து பார் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. புத்தகத்துப் படத்தைப் பார்த்து எழுது என்றுதான் சொன்னார்கள். இது எனக்கு இன்றும் ஆறாத மனக்குறை.

நான் கண்ட வரையில், வரைய வராது என்கிறவர்களுக்குக் கையில் எந்தக் குறையும் இல்லை. அவர்கள் பொருளைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். தங்களுக்குத் தெரிந்ததை வரைந்துவிட்டு, அது பொருளைப்போல இல்லையே என்று கலங்குகிறார்கள். உன் காபி டம்ளரையே எடுத்துக்கொள். மேஜைமேல் வைத்துச் சற்று மேலிருந்து பார். வாய் வட்டம் என்று உனக்குத் தெரியும், ஆனால் கண்ணுக்குத் தெரிவது நீள்வட்டம். அடிப்பாகம் மேஜையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரியும். அதனால் புதிதாக வரைகிறவர்கள் அடியில் ஒரு நேர்கோட்டை இழுத்துவிடுகிறார்கள். டம்ளர் உடனே அட்டையில் வெட்டியதுபோல் ஆகிவிடுகிறது. அடி விளிம்பை உற்றுப் பார், அதுவும் வளைந்திருக்கும். கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால் வாயைவிடக் கூடுதலாகவே வளைந்திருக்கும். இதைக் கண் ஒருமுறை பிடித்துக்கொண்டால் கை தானாக வளைக்கும். முகம் வரையும்போதும் இதே கதைதான். கண்கள் தலையின் உச்சிக்கும் மோவாய்க்கும் நட்டநடுவில் இருக்கின்றன. நாம் நெற்றியை மறந்துவிட்டு அவற்றை மேலே ஏற்றிவிடுகிறோம்.

ஆகவே முதலில் நான் செய்யச் சொல்வது தாளைப் பார்க்காமல் வரைவது. இடது கையை மேஜைமேல் வைத்துக்கொள், விரல்கள் கொஞ்சம் மடங்கியிருக்கட்டும். வலது கையில் பென்சில். பார்வை முழுக்க இடது கையின்மேல்தான். கட்டைவிரலின் ஓரத்தில் தொடங்கி, ஓர் எறும்பு ஊர்கிற வேகத்தில் கண்ணை விளிம்போடு நகர்த்து, அதே வேகத்தில் பென்சிலும் நகரட்டும். நியூயார்க்கில் ஓவியம் கற்பித்த கிமோன் நிக்கோலைட்ஸ் என்பவர் இதைத் தம் மாணவர்களுக்கு அடிப்படைப் பயிற்சியாக வைத்திருந்தார். பென்சில் முனை தாளைத் தொடவில்லை, பொருளின் விளிம்பையே தொடுகிறது என்று நம்பிக்கொண்டு வரைய வேண்டும் என்பது அவர் முறை. முடித்துவிட்டுத் தாளைப் பார்த்தால் விரல்கள் எங்கெங்கோ போயிருக்கும். ஆனால் முட்டியின் சுருக்கம், நகத்தின் ஓரம், மோதிரம் அழுத்திய தடம் எல்லாம் அந்தக் கோட்டில் உயிரோடு இருக்கும். படம் சரியாக வர வேண்டும் என்று யாருமே எதிர்பார்க்காத பயிற்சி இது. அதனாலேயே பயத்துக்கு இங்கே வேலை இல்லை. திண்ணைக்கு வருகிற ஓர் அம்மா, சுங்குடிச் சேலைக்காரர், முதல் தடவை இதைச் செய்துவிட்டுத் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை ரேகையா!" என்றார்.

அடுத்தது படத்தைத் தலைகீழாக வைத்து வரைவது. பழைய தீபாவளி மலர் ஏதாவது உன் பரணில் இருக்கும். அதிலிருந்து ஒரு கோட்டுப் படத்தை எடுத்துத் தலைகீழாக வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாகக் கோடு கோடாகப் பார்த்து வரை. இது மூக்கு, இது கை என்று பெயர் சொல்லாதே. தலைகீழாக இருக்கும்போது மனத்துக்கு மூக்கு மூக்காகத் தெரியாது, வளைவும் சாய்வும் இடைவெளியும்தான் தெரியும். 1979இல் பெட்டி எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க ஆசிரியை எழுதிய நூலால் இது உலகெங்கும் பரவியது. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பிக்காசோ வரைந்த படத்தைத்தான் அவர் தலைகீழாக வைத்து வரையச் சொன்னார். மூளையின் வலப்பக்கம், இடப்பக்கம் என்று அவர் கொடுத்த விளக்கத்தை நரம்பியல் அறிஞர்கள் இன்று அப்படியே ஏற்பதில்லை. ஆனால் பயிற்சி பலிக்கிறது, என் திண்ணையிலேயே பலிப்பதைப் பார்க்கிறேன்.

பிளாஸ்டிக் நாற்காலியை வரையப் பயமாக இருந்தால் நாற்காலியை விட்டுவிடு. கால்களுக்கு நடுவே, கைப்பிடிக்குக் கீழே தெரிகிற வெற்றிடங்களை மட்டும் வரை. அவை சரியாக அமைந்தால் நாற்காலி தானே எழுந்து நிற்கும்.

நேர்கோடுகூட வராது என்கிறாய். நேர்கோட்டுக்கு அடிஸ்கேல் இருக்கிறது, அதற்காக ஏன் கவலை? இருந்தாலும் ஒரு வழி சொல்கிறேன். இரண்டு புள்ளி வை. பென்சில் முனையைப் பார்க்காமல், போய்ச் சேர வேண்டிய புள்ளியைப் பார்த்து, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை இழு. உனக்கு இது புதிதே இல்லை. சிக்குக் கோலம் போடும்போது இப்படித்தானே இழுக்கிறாய்? குனிந்து நின்று, அழிக்க வழியில்லாத மாவில், புள்ளியைச் சுற்றி வளைந்து வளைந்து தொடங்கிய இடத்துக்கே கோட்டைக் கொண்டுவந்து சேர்ப்பவள் நீ. நாளை காலை பெருக்கிவிடப்போகிறோம் என்று தெரிவதால் கோலத்தில் உனக்குப் பயமே இல்லை. தாளிலும் அந்தத் தைரியம் வர வேண்டுமென்றால் விலை உயர்ந்த நோட்டு எதையும் வாங்காதே. மாதக் காலண்டரின் பின்பக்கம் போதும். ஒரு 2பி பென்சில், அல்லது பால்பாயிண்ட் பேனா. ரப்பரைப் பேத்தியிடம் கொடுத்து ஒளித்துவைக்கச் சொல்.

பத்திரிகை ஓவியர் கோபுலு நம் ஊர் ஓவியக் கல்லூரியில் படித்தவர் என்பது உனக்குத் தெரியுமோ? பக்கவாதத்தில் வலது கை முடங்கியபோது இடது கையால் வரையப் பழகிக்கொண்டார் அவர். அத்தனை ஆண்டுத் தேர்ச்சி பெற்ற கை நின்றுபோன பிறகும் அவரிடம் கண் இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. நீயும் எப்போதாவது இடது கையால் வரைந்து பார். அந்தக் கையிடம் யாரும் அழகை எதிர்பார்க்க மாட்டார்கள், அதனால் அது தாராளமாக ஓடும்.

இனி யானை. அரையாண்டு விடுமுறைக்குப் பேத்தியை அழைத்துக்கொண்டு இங்கே வா. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போகலாம். இரண்டாம் இராசராசன் எழுப்பிய 12ஆம் நூற்றாண்டுக் கோயில். அங்கே காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொண்டிருக்கும் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. தலை ஒன்றேதான், எந்த உடலோடு சேர்த்துப் பார்க்கிறோமோ அதற்கேற்ப அது மாறிவிடுகிறது. பேத்தி கையை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கட்டும். பிறகு மண்டபத்து நிழலில் மூவரும் உட்கார்ந்து, தாளைப் பார்க்காமல் அந்த யானையை வரைவோம். மார்கழிக் காற்று இதமாக இருக்கும், உனக்கும் களைப்புத் தெரியாது.

ரயில் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு, விடுமுறை நெருங்கினால் இடம் கிடைக்காது. அதற்கு முன்னால், அடுத்த கடிதத்தோடு உன் இடது கையின் படத்தை மடித்து வைத்து அனுப்பு. மூலையில் தேதி போட மறக்காதே.

அண்ணனுக்கு என் வணக்கம். பேத்திக்கு முத்தம்.

உன் அன்புத் தோழி