ரிமோட்டைக் காட்டித் தப்பிக்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சின்னத்திரைப் பக்கத்தில், ஒரே வீட்டில் அடைத்துவைத்தவர்களை ஒவ்வொருவராக ஓட்டுப் போட்டு வெளியேற்றும் பிக் பாஸ் நிகழ்ச்சி பற்றி எழுதியவர், ‘பிடிக்காதவர்கள் சேனலை மாற்றிக்கொள்ளட்டும், ரிமோட் அவர்கள் கையில்தானே இருக்கிறது’ என்று முடித்திருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எங்கள் வீட்டில் அந்த நிகழ்ச்சியை யாரும் பார்ப்பதில்லை. அதனால் என்ன ஆகிவிட்டது? நான் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளியில் அது ஓடுகிறது. ஷேர் ஆட்டோவில், டியூஷன் வாசலில், அம்மாக்களின் போனில் துண்டு துண்டாக ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்கள் இதழின் இணையப் பக்கத்தைத் திறந்தால் அங்கேயும் முதலில் வந்து நிற்பது அதுதான். எந்த ரிமோட்டை அமுக்கி நான் இதை நிறுத்துவது?

போன மாதம் மதிய இடைவேளையில் எட்டாம் வகுப்பில் நோட்டு திருத்திக்கொண்டிருந்தேன். பின்பெஞ்சில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடி, ஜியாமெட்ரி பாக்ஸ் மூடியில் துண்டுச் சீட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டால், நாமினேஷனாம். வாரம் ஒருத்தி கூட்டத்தைவிட்டு வெளியே போக வேண்டும். அடுத்த திங்கட்கிழமை வரை அவளோடு யாரும் பேசக் கூடாது, சேர்ந்து சாப்பிடக் கூடாது. சீட்டுகளை வாங்கிப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் ஒரே பெயர். பெயருக்குக் கீழே காரணம்: ‘ஃபேக்’, ‘அழுது சிம்பதி தேடுறா’, ‘டியூஷன்ல பசங்ககிட்ட மட்டும் வேற மாதிரி பேசுறா’. அந்தப் பிள்ளை அதற்குள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கைகழுவும் குழாய்ப் பக்கம் போய்விட்டாள். போய்க் கூப்பிட்டேன். “பரவால்ல டீச்சர், கேம்தானே” என்றாள். பாக்ஸில் சோறு அப்படியே இருந்தது.

பிள்ளைகள் சண்டை போடுவது புதிதா என்று கேட்பீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் காய் விட்டார்கள். சாயங்காலம் பெல் அடிப்பதற்குள் பழம் விட்டார்கள். ஓட்டுப் போட்டு, காரணம் எழுதி, கெடு வைத்து ஒருத்தியை ஒதுக்கியது கிடையாது. அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

2017 ஜூனில் விஜய் டிவியில் தமிழ் பிக் பாஸ் தொடங்கியது. கமல்ஹாசன் தொகுத்து வழங்குகிறார் என்ற மரியாதையில் எங்கள் ஆசிரியர் அறையில்கூட ஆவலாகப் பேசிக்கொண்டோம். ஒரு நாள் முழுக்க எடுத்ததில் ஒன்று ஒன்றரை மணி நேரம்தான் டிவியில் வருகிறது. மிச்சத்தை வெட்டி எறிகிறார்கள். எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று முடிவெடுக்க ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் அல்லவா? பத்துப் பதினைந்து பேருக்குச் சமைத்துப் போட்டவள், அழுதவளுக்கு ஆறுதல் சொன்னவள், விளையாட்டில் நன்றாக யோசித்தவள் யாரும் புரோமோவில் வர மாட்டார்கள். விரலை நீட்டிக் கத்துபவள் வருவாள், கண்ணைத் துடைப்பவள் வருவாள். அதே வீட்டில் இரண்டு ஆண்கள் மோதிக்கொண்டால் அது கேம் பிளான். பெண்கள் மோதிக்கொண்டால், மன்னிக்க வேண்டும், ‘குழாயடிச் சண்டை’ என்று தலைப்புப் போட்டது உங்கள் இதழேதான்.

முதல் பருவத்தில் போட்டியாளராக இருந்த நடிகை ஓவியாவை என் மாணவிகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். மனசில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்கிறாரே என்ற சந்தோஷம் அது. எனக்கும் அது பிடித்தது. ஆனால் மற்றவர்கள் சேர்ந்து அவரை ஒதுக்கியதையும், அவர் மனம் ஒடிந்து ஆகஸ்டில் வெளியேறியதையும் நாள்தோறும் பின்னணி இசை போட்டுக் காட்டினார்களே, அந்தப் பிள்ளைகளுக்கு அதுவும் சேர்ந்துதான் போய்ச் சேர்ந்தது.

அடுத்த ஆண்டே கலர்ஸ் தமிழில் ‘எங்க வீட்டு மாப்பிள்ளை’ வந்தது. நடிகர் ஆர்யாவைக் கட்டிக்கொள்ள 16 பெண்கள் போட்டி. வாரக்கணக்கில் ஆடினார்கள், பாடினார்கள், அழுதார்கள். ஒவ்வொருத்தியாகக் கழித்துக் கடைசியில் மூன்று பேரை நிறுத்தி, ஒருவரையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று முடித்தார்கள். நம் வீடுகளில் பெண் பார்க்க வந்து பஜ்ஜி சொஜ்ஜி தின்றுவிட்டு ‘ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்’ என்று போவதை எத்தனை காலமாகக் கண்டித்து எழுதியிருக்கிறோம்! அதற்கே மேடை போட்டு விளக்குப் போட்டால் பொழுதுபோக்கு. குடும்பத் தகராறுகளைக் கேமரா முன் விசாரித்த ‘சொல்வதெல்லாம் உண்மை’க்கு 2018இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. தாலியைக் கையில் பிடித்து அழுத ஏழைப் பெண்கள் அதுவரை எத்தனை பேர்!

2019இல் பிக் பாஸ் போட்டியாளரான ஒரு நடிகர், கல்லூரிக் காலத்தில் பெண்களை உரசுவதற்காகவே பஸ் ஏறியிருப்பதாகச் சொன்னார். அரங்கத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை வெட்டி எறிய மட்டும் யாருக்கும் தோன்றவில்லை, ஒளிபரப்பினார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அவர் மன்னிப்புக் கேட்டார், பின்னர் வெளியேற்றப்பட்டார். என் மாணவிகளில் பாதிப் பேர் டவுன் பஸ்ஸில் புத்தகப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள். 2023இல், வீட்டிலிருந்த பெண்கள் சிலர் பாதுகாப்பு இல்லை என்று புகார் சொல்ல, ஒரு போட்டியாளருக்கு ரெட் கார்டு கொடுத்து வெளியேற்றினார்கள். அதில் யார் பக்கம் நியாயம் என்று நான் பேச வரவில்லை. புகார் சொன்ன பெண்களை அதற்குப் பிறகு சமூக ஊடகங்களில் என்னவெல்லாம் திட்டினார்கள் என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ஆண்டு பிளஸ் ஒன் பிள்ளை ஒருத்தி, பஸ் ஸ்டாப்பில் ஒருவன் தொந்தரவு தருவதை என்னிடம் சொல்லிவிட்டு, ஹெச்.எம்.மிடம் மட்டும் போக வேண்டாம் என்று கெஞ்சினாள். “நாடகம் போடுறேன்னு சொல்லிருவாங்க டீச்சர், டிவில பாக்கல?” என்றாள். சேனலை மாற்றச் சொல்கிற உங்கள் எழுத்தாளர் அவளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்?

இது நம் ஊர்க் கவலை மட்டுமல்ல. 2011இல் அமெரிக்காவின் பெண் சாரணர் அமைப்பு, 11 முதல் 17 வயதுவரையுள்ள பெண் பிள்ளைகளிடம் கருத்துக் கேட்டது. தோழிகளுக்குள் புறம் பேசுவது சகஜம்தான் என்றவர்கள், ரியாலிட்டி நிகழ்ச்சிகளைத் தவறாமல் பார்ப்பவர்களில் 78 சதவீதம், பார்க்காதவர்களில் 54 சதவீதம். என் எட்டாம் வகுப்பைப் பார்த்த பிறகு அந்தக் கணக்கு எனக்கு வியப்பாக இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதும் இல்லை. கேபிள் டிவி விதிகளின் ஆறாவது விதி, பெண்களை இழிவுபடுத்தும் காட்சிகள் கூடாது என்கிறது. 2010இல் இந்தி பிக் பாஸை இரவு 11 மணிக்கு மேல்தான் காட்ட வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட, சேனல் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. சிறுவர் நடன நிகழ்ச்சிகளில் பிள்ளைகளை வயதுக்கு மீறி ஆடவிடாதீர்கள் என்று 2019 ஜூனில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே சேனல்களுக்கு அறிவுரை அனுப்பியது. அந்தச் சமயத்தில் இதைப் பற்றி உங்களுக்கு நீண்ட கடிதம் எழுதினேன். தலையங்கத்தைப் பாராட்டியிருந்த முதல் இரண்டு வரியை மட்டும் வெளியிட்டீர்கள்.

2021இல் திருத்திய விதிப்படி, யார் வேண்டுமானாலும் சேனலுக்குப் புகார் எழுதலாம். 24 மணி நேரத்தில் புகார் கிடைத்ததற்கு ஒப்புகை தர வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் ஒளிபரப்பாளர்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு தாய்க்கும் தெரிந்திருக்கவில்லை. யார் உள்ளே, யார் வெளியே என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது உங்கள் பக்கத்தில் வாராவாரம் கட்டம் கட்டி வருகிறதே.

நிகழ்ச்சியைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தின் கீழே, புகாரை யாருக்கு, எந்த முகவரிக்கு, எத்தனை நாளுக்குள் என்று நான்கு வரி போடுங்கள். நிகழ்ச்சி முடியும்வரை வாராவாரம் போடுங்கள். அழுகிற பெண்ணின் படத்தை அட்டையில் போடுவதையும் நிறுத்தினால் நன்றி சொல்வேன். இடமில்லை என்று இந்தக் கடிதத்தையும் சுருக்குவீர்களானால், என் கோபத்தை வெட்டிக்கொள்ளுங்கள். அந்த 15 நாள் விவரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மாணவிகளை முன்னிட்டுப் பெயர் குறிப்பிடாத ஓர் ஆசிரியை,
சங்கரன்கோவில்