லயத்திலிருந்து பேசிய எல்லாருக்கும்

வணக்கம். கொரோனா நேரத்தில் தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, ஜனம் போனில் பேச, நம்ம உள்ளூர் வானொலியில் வந்த அந்த உரையாடல் நிகழ்ச்சி இன்னும் வருகிறதா என்று இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில் காண்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இல்லை, அது முடிந்துவிட்டது. ஆனால் அதை நடத்தியவர்கள் என்று ஸ்டூடியோவில் இருந்த எங்கள் பெயரைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள், அது சரியில்லை. உண்மையில் நடத்தியவர்கள் யார் என்று சொல்லி நன்றி சொல்லத்தான் இந்த மடல். யாருடைய பெயரையும் போடவில்லை. பலர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அவரவருக்குத் தன்னைத் தெரியும்.

முதல் நன்றி மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து பேசிய அந்த அக்காவுக்கு. 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு போட்டபோது எங்கள் கையில் இருந்தது கொழும்பிலிருந்து வந்த அறிவித்தல்கள்தான். காய்ச்சல், இருமல் இருந்தால் தனி அறையில் இருங்கள், தனிக் கழிவறையைப் பாவியுங்கள், அடிக்கடி கை கழுவுங்கள். நாங்களும் அதை அப்படியே வாசித்தோம். அக்கா லைனில் வந்து, "தம்பி, எந்த அறையில இருக்கச் சொல்றீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில், அந்த ஒற்றை அறையில், ஏழு பேர், பக்கத்துக் காம்பராவோடு ஒரே சுவர், அங்கே இருமினால் இங்கே கேட்கும், பைப்பு பொதுப் பைப்பு, அதிலும் காலையில் மட்டும் தண்ணீர். அந்த ஒரு கேள்வியில் எங்கள் நிகழ்ச்சியே மாறிப்போனது. அன்றைக்கு அவர் கேட்காமல் விட்டிருந்தால் நாங்கள் கடைசிவரை பங்களாவில் இருக்கிறவர்களுக்கு நிகழ்ச்சி நடத்தியிருப்போம்.

அப்புறம் எங்கள் பீ.எச்.ஐ. சேருக்கு, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு. கொண்டு வந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "சரி, காம்பராவுல என்ன செய்யலாம்னு சேர்ந்து யோசிப்போம்" என்று நேரலையிலேயே சொன்ன மனிதர். காய்ச்சல்காரரை இஸ்தோப்பில், அதாவது வாசல் விறாந்தையில், படுக்க வைக்கலாமா, குளிருக்கு என்ன செய்வது, ஜன்னலை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது, பைப்படிக்கு எந்த வீடு எத்தனை மணிக்குப் போவது என்று பேசப் பேச, ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஆட்கள் போன் எடுத்துத் தங்கள் லயத்தில் செய்ததைச் சொன்னார்கள். ஒரு லயத்தில் வீட்டு வரிசைப்படி தண்ணீர் நேரத்தைச் சுண்ணாம்பால் சுவரில் எழுதி வைத்தார்களாம், அடுத்த கிழமை மற்றத் தோட்டங்களிலும் அப்படியே எழுதினார்கள். கேட்கிறவர்களின் கேள்வியிலிருந்து நிகழ்ச்சியைக் கட்டுவது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. கொத்மலை சமூக வானொலியில் 1999இல் யுனெஸ்கோ உதவியோடு இணைய இணைப்பு வந்தபோதே, நேயர்கள் கேட்டதை இணையத்தில் தேடி வானொலியில் பதில் சொன்னார்கள். அந்த வழியில்தான் நாங்களும் போனோம், எங்களுக்கு விடை பெரும்பாலும் லயத்திலிருந்தே வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கொழுந்தெடுக்கிற பெண்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஊரே வீட்டுக்குள் இருந்தபோதும் தேயிலை வேலை நிற்கவில்லை, தோட்டத்துக்கு ஊரடங்கில் விலக்குக் கொடுத்திருந்தார்கள். காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்குப் போய், மலைக்குப் போய், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நிறுவைக்கு நின்று, வீட்டுக்கு வந்து குளித்து, சமைத்து, அதன் பிறகு போனில் காசு போட்டு எங்கள் லைன் கிடைக்கும் வரை காத்திருந்து பேசினீர்கள். நிறுவையில் ஆளுக்கு ஆள் எப்படித் தள்ளி நிற்பது என்று நாங்கள் கேட்டால், நீங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசினீர்கள். கொரோனா நிகழ்ச்சியில் சம்பளம் எதற்கு என்று ஒரு மேலதிகாரி கேட்டார். நாங்கள் வெட்டவில்லை. நாளுக்கு 1000 ரூபாய் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த கிழமை நீங்கள் பேசியதுதான் எங்கள் நிகழ்ச்சியிலேயே காரமான பேச்சு. எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டிவிட்டு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டால் ஆயிரம் எங்கே என்று கேட்டீர்களே, அதற்கு ஸ்டூடியோவில் இருந்த யாரிடமும் பதில் இல்லை. தடுப்பூசி வந்தபோதும் அப்படித்தான். நாங்கள் ஊசி பாதுகாப்பானது என்று விளக்க டாக்டரைக் கூப்பிட்டு வைத்திருந்தோம், உங்கள் கேள்வியோ, ஊசி போட்ட மறுநாள் காய்ச்சலில் படுத்தால் பேர் கிடைக்குமா என்பது. அது பயம் இல்லை, கணக்கு. டாக்டருக்கும் அன்றுதான் விளங்கியது.

கொழும்பிலிருந்து திரும்பி வந்த பிள்ளைகளுக்கு ஒரு தனி நன்றி. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்று வெடித்த பிறகு, கடையிலும் ஹோட்டலிலும் வீட்டு வேலையிலும் இருந்தவர்கள் தீபாவளிக்கு வீடு வந்தபோது ஊர் உங்களைப் பார்த்த பார்வை நல்ல பார்வை இல்லை. சொந்தப் பெரியம்மாவே கதவைச் சாத்தினார் என்று சொன்ன தம்பி, அதைக் கோபமில்லாமல் சொன்னாய். "அவங்களுக்கும் சீனி வருத்தம், பயம்தானே" என்றும் சொன்னாய். அடுத்த அழைப்பு அதே தோட்டத்திலிருந்து வந்தது, யார் பேசினார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

தபால்கார அண்ணன்மாரை விடக் கூடாது. கிளினிக் மருந்துகளை 2020இல் தபாலில் அனுப்பத் தொடங்கினார்கள், நல்ல ஏற்பாடு. டவுன் வீட்டுக்குச் சரி. லயத்தில் ஆளாளுக்கு விலாசம் எங்கே இருக்கிறது? கடிதமே தோட்ட ஆபீஸ் வரைதான் வரும். பிரஷர் மருந்து ஆபீஸ் மேசையில் கிடந்தால் என்ன பிரயோசனம். ஓர் அண்ணன் வந்து, விலாசத்தோடு டிவிசனையும் லயத்து நம்பரையும் போன் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். பார்த்தும் கொண்டார்கள்.

2020 மே 26இல் மலையகத் தொழிற்சங்கத் தலைவரும் அமைச்சருமான ஆறுமுகன் தொண்டமான் காலமானார். 31ஆம் திகதி நோர்வூட்டில் இறுதிக் கிரியை, அன்றைக்கும் ஊரடங்கு. அரசியலில் அவரோடு ஒத்துப்போனவர்களும் போகாதவர்களும் அந்தக் கிழமை எங்களிடம் பேசினார்கள். சாவு வீட்டுக்குப் போக முடியாத ஜனம் போனில் வந்து ஒப்பாரி வைத்தது. சொந்த வீட்டுச் சாவுக்கும் போக முடியாதவர்கள் அவரைச் சாக்காக வைத்துத் தங்கள் அப்பாவுக்கும் சேர்த்து அழுதார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பேசியவர்களைக் குறுக்கே வெட்டாமல் விட்ட எங்கள் அறிவிப்பாளர் தங்கச்சிக்கு அதற்காக நன்றி.

பின்னால் நின்றவர்களும் உண்டு. எப்.எம். அலை நேர்கோட்டில் போகிறது, இடையில் மலை நின்றால் அந்தப் பக்கம் இரைச்சல்தான். அதனால் பள்ளத்து டிவிசன்களில் கம்பி இழுத்து, மூங்கிலில் கட்டி, ரேடியோவைப் பாட வைத்த பையன்களே, உங்களால்தான் பாதிப் பேர் கேட்டார்கள். போனில் ரேடியோ கேட்க ஹெட்செட் வயரையே ஏரியலாகப் பாவிக்கலாம் என்று வகுப்புத் தோழர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பிள்ளைக்கும் நன்றி. சூம் வகுப்புக்கு டேட்டா இல்லாதவர்களுக்கு எங்கள் பாட நேரம் பெரிய உதவியாக இருந்தது என்று டீச்சர்மார் சொன்னார்கள். ஒலியைச் சரிபார்த்த தொழில்நுட்பக்கார அண்ணன் ஊரடங்கு பாஸ் கிடைக்காத நாட்களில் ஸ்டூடியோவிலேயே படுத்தார். தேத்தண்ணியும் ரொட்டியும் கொடுத்தனுப்பிய கடைக்கார முதலாளி கடைசிவரை காசு வாங்கவில்லை. கணக்குப் புத்தகத்தைக் காட்டச் சொன்னால் எலி கடித்துவிட்டதாம்.

பதிவுகளில் பெரும்பகுதி பத்திரமாக இருக்கிறது. உங்கள் குரலோ, இப்போது இல்லாத உங்கள் வீட்டு ஆளின் குரலோ வேண்டும் என்றால் ஒரு பென் டிரைவோடு ஸ்டூடியோவுக்கு வாருங்கள், எந்த மாதம் பேசினீர்கள் என்று ஓரளவு ஞாபகம் இருந்தால் போதும், தேடித் தருவோம். சனிக்கிழமைகளில் வந்தால் நல்லது, மற்ற நாட்களில் அறையைப் பாட்டுப் போட்டி ஒத்திகைக்குக் கொடுத்துவிட்டோம்.