பரிசலும் விமானமும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொள், உன் மறதி எனக்குத் தெரியும்.

சென்னையில் இறங்கும்போது விமானம் மூக்கைத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் வந்ததாகவும், சக்கரம் தரையைத் தொட்டதும் வெட்டித் திரும்பியதாகவும் பயந்துபோய் எழுதியிருந்தாய். படித்துவிட்டுச் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதே. நம் ஊர்ப் பரிசல்காரர் காவிரியில் செய்த வேலையைத்தான் அந்த விமானியும் செய்திருக்கிறார்.

நினைவிருக்கிறதா, அக்கரைத் துறை நேர் எதிரில் இருக்கும், அவரோ மேற்கே பார்த்து, தண்ணீரை எதிர்த்துத் துடுப்புப் போடுவார். "ஏண்ணே சுத்திக்கிட்டுப் போறீங்க?" என்று நீதான் கேட்பாய். போன வாரம் அதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேத்தி இப்போது பதினொன்றாம் வகுப்பு, வேகத்தையும் திசையையும் சேர்த்துப் பார்க்கும் வெக்டர் பாடம் நடக்கிறது.

ஆறு 120 மீட்டர் அகலம், பரிசல் நொடிக்கு 1.5 மீட்டர், ஓட்டம் 0.9 மீட்டர் என்று வைத்துக்கொள். நேர் எதிரே பார்த்து வலித்தால் 80 நொடியில் கரை சேரலாம், ஆனால் 72 மீட்டர் கீழே இழுத்துக்கொண்டு போயிருக்கும். இதில் ஒரு வேடிக்கை. ஓட்டம் இரண்டு மடங்கானாலும் கரை சேர அதே 80 நொடிதான். ஆறு இழுப்பது ஒரு பக்கம், நாம் கடப்பது வேறு பக்கம். ஒன்றின் கணக்கில் மற்றது தலையிடாது.

துறையிலேயே இறங்க வேண்டுமென்றால் அக்கரைக்கு நேரான கோட்டிலிருந்து 37 டிகிரி ஓட்டத்துக்கு எதிராகத் திருப்ப வேண்டும். 1.5 பெருக்கல் சைன் 37, அதாவது 0.9, ஓட்டத்தோடு கழிந்துபோகும். கொசைன் பக்கம் மிஞ்சும் 1.2 தான் ஆற்றைக் கடக்க. 100 நொடி ஆகும். இருபது நொடி கூடுதல், ஆனால் கரையோரம் 72 மீட்டர் திரும்பி நடக்கிற வேலை மிச்சம்.

இதைப் பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் மானம் போனது. நாம் படித்த காலத்தில் "கிடைத்தளத்துக்குக் கொசைன், செங்குத்துக்கு சைன்" என்று உருப்போட்டோமே, அந்தப் பழக்கத்தில், தாளில் கிடையாக வரைந்த ஆற்றோட்டத்துக்குக் கொசைனைப் போட்டுவிட்டேன். எதிர்ப்பக்கம் 1.2, ஓட்டம் 0.9, பரிசல் மேல்நோக்கி நகர ஆரம்பித்துவிட்டது. "தாத்தா, விட்டா மேட்டூருக்கே போயிடும்" என்றாள். கோணத்தை எந்தக் கோட்டிலிருந்து அளக்கிறோமோ, அந்தக் கோட்டுக்குத்தான் கொசைன். அறுபத்தெட்டு வயதில் அவளிடம் கற்றுக்கொண்டேன்.

சரி, உன் விமானத்துக்கு வருகிறேன். சென்னையின் பெரிய ஓடுபாதையில் ஒரு முனையின் எண் 07. அதாவது, அங்கே இறங்கும் விமானம் வடக்கிலிருந்து ஏறத்தாழ 70 டிகிரி திசையில் ஓடும். நீ வந்தது ஐப்பசி, வடகிழக்குக் காற்று. 40 டிகிரியிலிருந்து 20 நாட், அதாவது மணிக்கு 20 கடல் மைல், வீசியதென்று வை, வித்தியாசம் 30 டிகிரி. சைன் 30 பாதி என்பதால் குறுக்குக் காற்று 10 நாட். கொசைன் பக்கம் 17 நாட் எதிர்க்காற்று, அது இறங்குவதற்கு நல்லதுதான். விமானம் 140 நாட் வேகத்தில் வந்தால், குறுக்குக் காற்றைச் சமாளிக்க மூக்கை நாலு டிகிரி இடப்பக்கம் திருப்பினால் போதும். பரிசலுக்கு 37, விமானத்துக்கு 4! சக்கரம் ஓடுபாதைக்கு நேராக உருள வேண்டுமே, அதற்காகக் கடைசியில் மூக்கை நேராக்குவார்கள். உன்னை உலுக்கியது அதுவாகத்தான் இருக்கும்.

அணையில் தண்ணீர் அதிகம் திறந்தால் நம் பரிசல்காரர் பரிசலைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் பீடி பற்றவைப்பாரே, அதற்கும் இப்போதுதான் விடை கிடைத்தது. ஓட்டம் 1.5ஐத் தாண்டினால் சைன் ஒன்றைத் தாண்ட வேண்டும். அது நடக்காது. எப்படித் திருப்பினாலும் நேர் எதிரே போக முடியாது. நாம் அவரைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறோம்.

அப்புறம், பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா? துறைப்படி இன்னும் இருக்கிறதாம். ஒரு ஆளுக்கு அப்போது எவ்வளவு கூலி கொடுத்தோம், பத்து பைசாவா? எனக்கு மறந்துவிட்டது, எழுது.

அன்புடன்,
ராமு