என்னை ‘ஈஆ’ என்று கூப்பிடும் அண்ணாச்சிக்கு

அன்புள்ள ஈமாக்ஸ் அண்ணாச்சிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நம் எடிட்டர் பிரியர்களின் போன கூட்டத்துக்குப் பிறகு நீங்கள் ரொம்ப நலமாகத்தான் இருக்கிறீர்கள் என்று ஊரே சொல்கிறது. டீக்கடையில் ஒரு தடவை, போனில் நாலு தடவை, நேற்று என் வீட்டு வாசலில் என் மனைவி முன்னாலேயே, “என்ன ஈஆ, சாப்டாச்சா?” அவள் அதை ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்துவிட்டாள். நீங்கள் கண்ணும் மூக்கும் வைத்து இன்னும் நாலு பேரிடம் சொல்வதற்குள் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

கணினியில் எழுத நீங்கள் கட்டிக்கொண்டு அழும் ஈமாக்ஸ் எடிட்டருக்கு ஜன்மப் பகையாளியான என் விம் எடிட்டரில் தமிழ் எழுதிக் காட்டுகிறேன் பேர்வழி என்று ப்ரொஜெக்டர் முன்னால் போய் நின்றேன். தமிழ்99 விசைப்பலகை. நாலு வரி நன்றாகத்தான் அடித்தேன். எஸ்கேப் தட்டிவிட்டு ஒரு வரி கீழே இறங்கலாம் என்று ‘ஜே’யைத் தட்டினால் கர்சர் அசையவில்லை, லேப்டாப் மட்டும் ‘டொக்’ என்றது. இன்னொரு தட்டு, இன்னொரு டொக். எஸ்கேப் அடித்ததும் விம், ஆங்கில எழுத்து விசைகளைக் கட்டளைகளாக எடுத்துக்கொள்ளும் கட்டளை நிலைக்குப் போய்விட்டது, ஆனால் விசைப்பலகை இன்னும் தமிழிலேயே இருந்தது என்பது அந்த நேரத்தில் என் மண்டைக்கு எட்டவில்லை. நாங்கள் கர்சரை நகர்த்தும் ஹெச், ஜே, கே, எல் நாலும் தமிழ்99இல் க, ப, ம, த. விம்மிடம் போய் ‘ப, ப, ப’ என்று குழந்தை மாதிரி சொன்னால் அது என்ன செய்யும் பாவம்? சரி, சேமித்துவிட்டு வெளியே ஓடிவிடுவோம் என்று டபிள்யூவையும் க்யூவையும் அடித்தேன். தமிழ்99இல் அவை ஈ, ஆ. கட்டளைக்கு முன்னால் போட வேண்டிய கோலன் மட்டும் எப்படியோ விழுந்துவிட்டது. திரையின் அடியில், சுவர் அகலத்துக்கு, ‘:ஈஆ’. என்டர் தட்டினேன். பிழை எண் ஈ492, அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்று சிவப்பில் பதில் வந்தது. அதற்குள் கடைசி வரிசையிலிருந்து உங்கள் சிரிப்பு வந்துவிட்டது.

ஒப்புக்கொள்கிறேன் அண்ணாச்சி. தமிழ் எழுதுவதில் உங்கள் கை ஓங்கித்தான் இருக்கிறது. ஈமாக்ஸ் தனக்குள்ளேயே தமிழ் உள்ளீட்டை வைத்திருக்கிறது, கண்ட்ரோலோடு பின்சாய்கோட்டைத் தட்டினால் தமிழ், திரும்பத் தட்டினால் ஆங்கிலம், கட்டளைகள் எதுவும் குழம்புவதில்லை. என் டெர்மினலில் ‘கொக்கு’ என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பாகப்பிரிவினை ஆனது போல நிற்கும், உங்கள் ஜன்னலில் ஒழுங்காகச் சேர்ந்திருக்கும். இதையெல்லாம் தனியாக இருக்கும்போது சொல்லியிருந்தால் அப்போதே தலையாட்டியிருப்பேன். ப்ரொஜெக்டர் முன்னால்தான் சொல்ல வேண்டுமா?

ஆனால் அன்றைக்கு இன்னொன்றும் சொன்னீர்களே, “அம்புக்குறி விசை இருக்கையில் எழுத்தை வைத்து நகர்த்தும் ஆட்களுக்கு இப்படித்தான் ஆகும்” என்று. அதற்குப் பதில் இருக்கிறது. 1976இல் பெர்க்லியில் பில் ஜாய், விம்முக்கு மூதாதையான விஐ எடிட்டரை எழுதியபோது அவர் முன்னால் இருந்தது ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற டெர்மினல், அதாவது திரையும் விசைப்பலகையும் சேர்ந்த பெட்டி. அதில் தனி அம்புக்குறி விசைகளே கிடையாது, ஹெச், ஜே, கே, எல் தலைகளில்தான் அம்புகளை அச்சடித்திருந்தார்கள். அதே பலகையில் ‘ஹோம்’ என்ற சொல்லும் அலைக்குறியும் ஒரே விசையில் இருந்தன. அதனால்தான் யூனிக்ஸ் இயங்குதளத்தில் நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் வீட்டு அடைவுக்கு அலைக்குறி போடுகிறோம். ஆக, நீங்கள் உங்கள் ஈமாக்ஸில் அலைக்குறி போட்டு வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் எங்கள் வீட்டுத் திண்ணையை மிதித்துத்தான் போகிறீர்கள்.

நீங்கள் வணங்கும், ஈமாக்ஸை உருவாக்கிய ஸ்டால்மனே பழைய வட்டின் தகட்டைத் தலைக்குப் பின்னால் ஒளிவட்டமாக மாட்டிக்கொண்டு, அங்கி போட்டுக்கொண்டு, புனித இக்னூசியஸ் என்று மேடையில் நிற்கிற ஆள். விஐ விஐ விஐ என்றால் ரோமன் எண்ணில் ஆறு ஆறு ஆறு, சாத்தானின் எண் என்பார். யாரும் மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற விஐ ஒன்றைப் பயன்படுத்துவது பாவமல்ல, பிராயச்சித்தம் என்று அவரே சலுகையும் கொடுத்திருக்கிறார். குருவே விட்டுவிட்டார், சீடர் விடமாட்டேன் என்கிறீர்கள்.

உங்கள் சுண்டுவிரலைப் பற்றி நான் என்றாவது பேசியிருக்கிறேனா? கண்ட்ரோலை அமுக்கி அமுக்கி அது வளைந்துபோய், கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் தைலம் மணக்கிறது. பால் கணக்கைக்கூட ஈமாக்ஸின் ஆர்க் அட்டவணையில் போடுகிறீர்கள், அதை அண்ணி காலண்டரில் எழுதி வைத்துச் சரிபார்க்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஈமாக்ஸ் எப்படி நடக்க வேண்டும் என்று பதினைந்து வருடமாக எழுதிச் சேர்த்துவைத்த அமைப்புக் கோப்பு போன வருடம் திறக்கவே மறுத்தபோது, மொத்தத்தையும் அழித்து மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. சரி, கொஞ்சம் சிரித்தேன்.

2023 ஆகஸ்டில் விம்மை எழுதிய பிராம் மூலெனார் இறந்த செய்தி வந்தபோது, இன்றைக்கும் ஏதாவது கேலி வரும் என்றுதான் போனைப் பார்த்தேன். உங்களிடமிருந்து வந்தது ஒரு ரசீதின் படம். விம்மைத் திறந்தால் முதல் திரையில் உகாண்டாக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று ஒரு வரி வருமே, அவர் 1994இல் ஒரு வருடம் கிபாலேயில் தண்ணீர், சுகாதார வேலை பார்த்துவிட்டு வந்து சேர்த்த வரி, அந்தக் குழந்தைகளுக்கு நீங்கள் பணம் அனுப்பியிருந்தீர்கள். இருபது வருடமாக விம்மில் குடியிருக்கும் நான் அதுவரை ஒரு ரூபாய் அனுப்பியதில்லை. அன்றைக்கு உங்களை எப்படித் திட்டுவது என்றே தெரியவில்லை.

இப்போது தெரியும். என் மானம் போய் முடிந்ததும் நீங்கள் எழுந்து வந்து, “தள்ளு, நான் காட்டுறேன்” என்று உங்கள் லேப்டாப்பைச் சொருகினீர்கள். அமைப்புக் கோப்பு திறந்தபடியே இருந்தது. வேகமாக மூடினீர்கள், ஆனால் நான் பார்த்துவிட்டேன் அண்ணாச்சி. கீழிருந்து நாலாவது வரி. ‘ஈவில்-மோட், 1’. ஈமாக்ஸை அச்சு அசல் விம்மாக நடக்கவைக்கும் அதே ஈவில். முன்னால் அரைப்புள்ளி போட்டால் ஈமாக்ஸ் அந்த வரியைக் கண்டுகொள்ளாது, அப்படி அணைத்துக்கூட வைக்கவில்லை. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஹெச், ஜே, கே, எல் தட்டிவிட்டு வெளியே வந்து நெற்றி நிறைய விபூதி. சுண்டுவிரல் வலியால்தான் என்றால் சொல்லுங்கள், புரிந்துகொள்கிறேன்.

நீங்கள் ‘ஈஆ’வை விட்டுவிட்டால் நான் ஈவிலை விட்டுவிடுகிறேன் என்று பேரம் பேசத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். ஆனால் அந்தக் கல்லூரிப் பெண் இருக்கிறாளே, முதல் தடவையாக வந்தவள். பாதியில் நின்றுபோன என் கோப்பை எந்த எடிட்டரில் திறப்பது என்று நாம் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தபோது, அவள் பாட்டுக்கு நானோ என்ற எளிய எடிட்டரில் திறந்து, எழுதி, சேமித்து, மூடிவிட்டாள். எப்படி வெளியே வந்தாய் என்று கேட்டேன். “கீழேயே எழுதியிருக்கே அண்ணா, கண்ட்ரோல் எக்ஸ்” என்றாள்.

நேற்று அவளிடமிருந்து எனக்கு ஒரு மெசேஜ். அந்தப் பெரியவர் திரையில் ஈவில்-மோட் என்று என்னமோ இருந்ததே, அது என்ன என்று கேட்டிருக்கிறாள். இன்னும் பதில் போடவில்லை. என்ன போடட்டும் என்று சீக்கிரம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஈஆ