ஆண்டறிக்கை 2024–25: தண்டையார்பேட்டை வட்டார மாடித்தோட்டச் சங்கம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், மூன்று மாடி ஏறி வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் மழைக்காலம் தவிர ஒழுங்காக நடந்தன. கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கமிருந்து புதியவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். சந்தா பாக்கி யாரிடம் என்று அவரவருக்கே தெரியும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது கொண்டைக்கடலையைப் பற்றி. அடைமழை ஓய்ந்ததும் கார்த்திகையில் பலரும் மளிகைக்கடைக் கடலையை ஊறவைத்துப் பைகளில் போட்டோம். நன்றாகத்தான் முளைத்தது. மூன்று நான்கு வாரம் போனதும் இலை பச்சையாக இருக்கும்போதே தலை தொங்கி, செடி செடியாகக் காய்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று பாதிப் பேர் ஊற்றினார்கள், அதிகமாகிவிட்டது என்று மீதிப் பேர் நிறுத்தினார்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே முடிவுதான்.

மார்கழிக் கூட்டத்தில் வாடிய செடிகளைப் பிடுங்கிவந்து வேரை நீளவாக்கில் பிளேடால் பிளந்து பார்த்தோம். தண்டின் கழுத்தில் வெள்ளை நூல் படர்ந்திருந்தால் அது கழுத்தழுகல். நம் செடிகளில் பெரும்பாலும் அது இல்லை. வெளியே வேர் அழுகாமல் இருந்தது, உள்ளே நடுவில் கரும்பழுப்புக் கோடு ஓடியது. ஃபியூசேரியம் பூஞ்சையால் வரும் வாடல் நோயின் அடையாளம் இதுதான். பூஞ்சை வேர் வழியாக நுழைந்து நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். அப்புறம் குடம் குடமாக ஊற்றினாலும் மேலே ஏறாது. விதையோடும் வரும். கடலையே போடாவிட்டாலும் மண்ணில் ஆறு ஆண்டுகள் வரை கிடக்கும். 25 முதல் 30 டிகிரி வரை அதற்குக் கொண்டாட்டம். நம் ஊர் மார்கழியே அந்தச் சூடுதான்.

மருந்து என்ன என்று எல்லோரும் கேட்டீர்கள். வாடிய செடிக்கு மருந்து கிடையாது. விதைக்கும் முன் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்தால் ஓரளவு தாங்கும். உறுதியான காப்பு விதைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று வேளாண்மை படித்த நம் உறுப்பினர் தை மாதக் கூட்டத்தில் விளக்கினார். அன்றைக்கு டீ ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

இந்தப் பூஞ்சையில் எட்டு இனங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஓர் இனத்தைத் தாங்கும் ரகம் இன்னொன்றிடம் விழலாம். முதல் இனத்துக்கு எதிராகச் செடியில் மூன்று மரபணுக்கள் உண்டு. ஒன்று மட்டும் இருந்தால் வாடுவது தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஏதாவது இரண்டு சேர்ந்தால் செடி பிழைத்துவிடும். கே 850, சி 104 இரண்டுமே தாமதமாக வாடும் ரகங்கள். இரண்டையும் கலந்தபோது வாடாத பிள்ளைகள் கிடைத்தன! ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில், வேண்டுமென்றே நோய் ஏற்றிய வயலில் ரகங்களைச் சோதிக்கிறார்கள். இடையிடையே ஜேஜி 62 என்ற, எளிதில் வாடும் ரகத்தையும் விதைப்பார்கள். அது செத்தால்தான் சோதனை செல்லும். சாவதற்கென்றே ஒரு ரகம், பாவம்.

இப்படி வாடலைத் தாங்கும் ரகம் மரபணு மாற்றுப் பயிரா என்று ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். இல்லை. கர்நாடகத்தின் பழைய அண்ணிகேரி ரகத்தோடு, வாடலைத் தாங்கும் டபிள்யூஆர் 315 என்ற கடலையைக் கலந்து, தாங்கும் மரபணு இருப்பதைக் காட்டும் அடையாளத்தை வைத்து நல்ல கன்றுகளைப் பொறுக்கி, மறுபடி மறுபடி அண்ணிகேரியோடே சேர்த்து எடுத்ததுதான் 2019இல் வெளியான சூப்பர் அண்ணிகேரி 1. கடலைக்கு வந்தது கடலையின் மரபணுவே. ஆந்திரத்தில் பெரிய அளவில் பயிராகும் ஜேஜி 11 ரகமும் வாடலைத் தாங்கக்கூடியது.

ஆகவே செயற்குழு முடிவு இது. வரும் கார்த்திகைக்கு ரகப் பெயரோடு வரும் எதிர்ப்புத்திறன் விதையைச் சங்கமே வாங்கிப் பங்கிடும். கடைக் கடலை எந்த ரகமென்று கடைக்காரருக்கே தெரியாது. அதைச் சுண்டலுக்கு வைத்துக்கொள்வோம். வாடல் வந்த பையின் மண்ணில் கீரை, கத்தரி போடலாம், இந்தப் பூஞ்சை வாட்டுவது கொண்டைக்கடலையைத்தான். பைக்குச் சிவப்புப் பெயின்ட் அடையாளம் வையுங்கள். அந்த மண்ணைப் பக்கத்து மாடிக்குத் தானம் செய்ய வேண்டாம்.

விதை வேண்டுவோர் ஆவணிக் கூட்டத்துக்குள் பெயர் கொடுக்கவும். சந்தா பாக்கி உள்ளவர்களுக்கு விதை கடைசியில்தான்.

இப்படிக்கு,
செயலாளர்